பைக்கில் நாட்டுத் துப்பாக்கி... லிஃப்ட் கொடுத்தவரும் சிக்குவாரா? வாகனத்தில் துப்பாக்கி கொண்டு செல்வது பற்றி சட்டம் சொல்வது என்ன?

"நாட்டுத் துப்பாக்கியுடன் பைக்கில் வந்தவர் கைது."

கள்ளக்குறிச்சி மாவட்டச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது பழகிப்போன தலைப்பு. கல்வராயன்மலை அடிவாரத்தில் வாகன சோதனை நடக்கும். சாக்குப்பையில் சுற்றிய நீளமான பொருள் ஒன்று கிடைக்கும். பிரித்துப் பார்த்தால் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி, கூடவே கொஞ்சம் கரிமருந்து, பால்ரஸ் குண்டுகள். மறுநாள் பேப்பரில் நாலு வரிச் செய்தி. அத்தோடு முடிந்தது.

ஆனால் அந்த நாலு வரியைப் படிக்கும்போது சில கேள்விகள் வரும். பைக் ஓட்டியவர் ஒருவர், துப்பாக்கி வைத்திருந்தவர் இன்னொருவர் என்றால்? "தாத்தா காலத்துத் துப்பாக்கிங்க, சும்மா பரண்ல கிடந்துச்சு" என்று சொன்னால் விட்டுவிடுவார்களா? லைசென்ஸ் இருந்தால் எப்படி வேண்டுமானாலும் காரில் வைத்துக்கொண்டு போகலாமா? பைக் திரும்பக் கிடைக்குமா?

மலையிலிருந்து இறங்கி கள்ளக்குறிச்சி வழியாகக் கிழக்கே வரும் வண்டிகள் தியாகதுருகத்தைத் தொட்டுத்தான் உளுந்தூர்பேட்டைக்கும், அங்கிருந்து சென்னைக்கும் போகின்றன. சேலத்திலிருந்து வரும் வாகனங்களுக்கும் இதுவே வழி. இந்தச் சாலையில் பணம் ஏற்றிச் செல்லும் வங்கி வேனில் துப்பாக்கியோடு காவலாளி இருப்பார். லைசென்ஸ் வைத்திருக்கும் முன்னாள் ராணுவ வீரரும் இருப்பார். ஒரு சொல் கேட்டுப் பையைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்ட இளைஞரும் இருப்பார். மூன்று பேருக்கும் சட்டம் ஒன்றுதான். ஆனால் மூன்று பேரிடமும் அது கேட்கும் கேள்வி வேறு வேறு. எளிமையாகப் பார்த்துவிடலாம்.

அடிப்படைச் சட்டம் எது?

இந்தியாவில் துப்பாக்கி தொடர்பான எல்லாவற்றுக்கும் அடிப்படை 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். ஆங்கிலேயர் 1878-ல் கொண்டுவந்த பழைய ஆயுதச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இதன் கீழ் இப்போது நடைமுறையில் இருப்பவை 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள். 2019 டிசம்பரில் சட்டத்தில் பெரிய திருத்தம் வந்தது. ஒருவர் 3 துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்றிருந்தது 2 ஆகக் குறைந்தது. லைசென்ஸின் ஆயுள் 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டானது. தண்டனைகள் கணிசமாக ஏறின.

இந்தச் சட்டத்தின் 3-வது பிரிவுதான் எல்லாவற்றுக்கும் வாசல். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியையோ, தோட்டா, வெடிமருந்தையோ வாங்கக் கூடாது, வைத்திருக்கக் கூடாது, எடுத்துச் செல்லவும் கூடாது. கவனிங்க: "வைத்திருப்பது" தனி, "எடுத்துச் செல்வது" தனி. வீட்டில் வைக்க ஒன்று, வண்டியில் வைக்க ஒன்று என்று இரண்டு லைசென்ஸ் கிடையாது. ஆனால் ஒரே லைசென்ஸுக்குள் எடுத்துச் செல்வதற்கென்று தனி நிபந்தனைகள் உண்டு. லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான்.

நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸே கிடையாதா?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி பற்றி ஆயுதச் சட்டமே பேசுகிறது. உண்மையாகவே பயிர்ப் பாதுகாப்புக்காக இந்த வகைத் துப்பாக்கி கேட்டு ஒருவர் விண்ணப்பித்தால் லைசென்ஸ் வழங்கலாம் என்று 13-வது பிரிவு சொல்கிறது. அதைத் தர வேண்டியவர் மாவட்ட ஆட்சியர்.

ஆக, துப்பாக்கி பழைய மாடல் என்பது குற்றம் இல்லை. லைசென்ஸ் இல்லாமல் இருப்பதுதான் குற்றம். அதிலும் கொல்லுப்பட்டறையில் லைசென்ஸ் இல்லாமல் செய்த துப்பாக்கிக்குப் பின்னாளில் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. துப்பாக்கி செய்வதற்கே தனி அனுமதி வேண்டும்.

மலைவாழ் மக்களுக்கு விலக்கு உண்டா?

கல்வராயன்மலையில் வாழும் மலையாளி பழங்குடியினருக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு எதுவும் இல்லை. இந்தக் கேள்வி வருவதற்குக் காரணம் கர்நாடகத்தின் குடகு. அங்கே கொடவ சமூகத்தினருக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆங்கிலேயர் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு இருக்கிறது. மத்திய அரசு அதை 2029 அக்டோபர் வரை நீட்டித்திருக்கிறது. அது அந்தப் பகுதிக்கு மட்டுமான ஏற்பாடு. அதைக் காட்டி இங்கே யாரும் தப்ப முடியாது.

கல்வராயன்மலை நீண்ட காலம் மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த பகுதி. அந்த முறை ஒழிந்ததே 1970-களில்தான். காடும், கம்பங்காடும், காட்டுப்பன்றியும் ஒன்றாக இருந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி புழங்கியது ஆச்சரியம் இல்லை. ஆனால் பழக்கத்தில் இருந்தது என்பதைச் சட்டம் ஒரு காரணமாக ஏற்பதில்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் வாதாட அது உதவலாம். சோதனைச்சாவடியில் உதவாது.

வண்டியை நிறுத்திச் சோதிக்க போலீஸுக்கு அதிகாரம் உண்டா?

உண்டு. ஆயுதச் சட்டத்தின் 23-வது பிரிவு, எந்த போலீஸ் அதிகாரியும் எந்த வாகனத்தையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்கிறது. சட்டவிரோதமான ஆயுதம் கிடைத்தால் அதைப் பறிமுதல் செய்யலாம். அதோடு அந்த வாகனத்தையும் பறிமுதல் செய்யலாம். பைக், கார், வேன், லாரி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

19-வது பிரிவு லைசென்ஸைக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைத் தருகிறது. காட்டாவிட்டால் பெயர், முகவரி கேட்கலாம், தேவையென்றால் துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். பெயர், முகவரியைச் சொல்ல மறுத்தாலோ, தப்பிக்கப் பார்ப்பதாகத் தெரிந்தாலோ வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம்.

20-வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே. லைசென்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துப்பாக்கியைக் கொண்டுபோகும் விதமோ சூழலோ சட்டவிரோதக் காரியத்துக்குத்தான் போகிறது என்று நியாயமான சந்தேகம் தந்தால் கைது செய்யலாம். போலீஸ் மட்டும் இல்லை, மாஜிஸ்திரேட், அரசு ஊழியர், ரயிலிலோ வாகனத்திலோ வேலை பார்ப்பவர்கூட அப்படிப் பிடிக்கலாம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. "லைசென்ஸ் இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் படிக்க வேண்டிய பிரிவு இது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு மலைப்பகுதியில் சோதனைகள் தீவிரமானதை எல்லோரும் பார்த்தோம். எதைத் தேடி வண்டியை நிறுத்தினாலும், கிடைப்பது துப்பாக்கி என்றால் வழக்கு ஆயுதச் சட்டத்தில்தான் பதிவாகும்.

ஓட்டியவருக்கும் தண்டனையா?

இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம் இது. ஒரு உதாரணம் எடுத்துக்கலாம்.

"மச்சான், கீழ வரைக்கும்தான். இந்தப் பையை முன்னாடி வச்சுக்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன்" என்கிறார் ஒருவர். பைக்காரர் யோசிக்காமல் வாங்கி டேங்க் மேல் வைத்துக்கொள்கிறார். அடிவாரத்தில் சோதனை. பையில் துப்பாக்கி. இப்போது யார் குற்றவாளி?

ஆயுதச் சட்டத்தின் 35-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது. பலருடைய கூட்டுக் கட்டுப்பாட்டில் இருக்கும் வீட்டிலோ வாகனத்திலோ சட்டவிரோத ஆயுதம் கிடைத்தால், அது அங்கே இருப்பது தெரிந்திருந்தது என்று நம்பக் காரணம் உள்ள ஒவ்வொருவரும், தானே தனியாக அந்தக் குற்றத்தைச் செய்தது போலப் பொறுப்பாவார். இல்லை என்று நிரூபிக்கும் வரை அப்படித்தான்.

இதில் உயிர்நாடியான சொல் "தெரிந்திருந்தது". துப்பாக்கி யாருடையது என்பது மட்டும் கேள்வி இல்லை. யாருக்குத் தெரியும் என்பதும் கேள்வி. பை என்ன வடிவம், எவ்வளவு கனம், எங்கே இருந்தது, போலீஸைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினாரா, கேட்டதும் என்ன பதில் சொன்னார் என்று எல்லாவற்றையும் வைத்துத்தான் தெரியுமா தெரியாதா என்பது முடிவாகும். ஐந்தடி நீளப் பொருளை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டியவர் "என்னன்னே தெரியாதுங்க" என்றால் நம்புவது கஷ்டம். பேருந்தில் மேலே லக்கேஜ் வைக்கும் இடத்தில் யாரோ வைத்த பைக்கு, கீழே உட்கார்ந்திருக்கும் பயணி பொறுப்பாக மாட்டார்.

உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் இதைத் தெளிவாக்கியது. ஆயுதம் ஒருவர் "வசம்" இருந்தது என்று சொல்ல வேண்டுமென்றால், முதலில் அது பற்றிய அறிவு அவருக்கு இருக்க வேண்டும். கையிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொருவரிடம் கொடுத்து வைத்திருந்தாலும், அதன் மீது இவருக்குக் கட்டுப்பாடு இருந்தால் அதுவும் வசம்தான். ஆக இது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. தெரியாமல் ஓட்டியவரைக் காப்பாற்றும். தன் துப்பாக்கியை இன்னொருவர் பையில் வைத்து அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவரைக் காப்பாற்றாது.

லாரி டிரைவர், பஸ் கண்டக்டர், பார்சல் ஆபீஸ்காரர் கவனத்துக்கு...

36-வது பிரிவு வாகனத்தில் வேலை பார்ப்பவர்களுக்கென்றே ஒரு கடமையைச் சொல்கிறது. வண்டியில் போகும் பெட்டியிலோ மூட்டையிலோ சட்டவிரோத ஆயுதம் இருக்கலாம் என்று சந்தேகப்படக் காரணம் இருந்தால், பக்கத்து காவல் நிலையத்தில் தகவல் சொல்ல வேண்டும். "நமக்கு எதுக்கு வம்பு" என்று இருந்துவிட முடியாது. சொல்லிவிட்டால் அதுவே பின்னாளில் பாதுகாப்பு.

தண்டனை எவ்வளவு?

லைசென்ஸ் இல்லாத சாதாரணத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ எடுத்துச் சென்றாலோ 25(1பி)(ஏ) பிரிவு. 2019-க்கு முன்பு 1 முதல் 3 ஆண்டு சிறை. இப்போது குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு, அபராதமும் உண்டு. தகுந்த காரணத்தைத் தீர்ப்பில் எழுதினால் நீதிபதி குறைந்தபட்சத்தை விடவும் குறைக்கலாம். இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம் இல்லை. ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடையாது, நீதிமன்றம்தான் முடிவு செய்யும்.

லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்தாலோ, விற்றாலோ, ரிப்பேர் பார்த்தாலோ தண்டனை ஒரே தாவாகத் தாவுகிறது. குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். "விசை வேலை செய்யல, பட்டறையில குடுத்து சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்று கிளம்புகிறவர், லைசென்ஸ் இல்லாத பட்டறைக்காரரையும் சேர்த்து எவ்வளவு பெரிய வழக்குக்குள் இழுத்துவிடுகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

லைசென்ஸ் உண்டு, ஆனால் அதன் நிபந்தனையை மீறினார் என்றால் 30-வது பிரிவு. 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சின்னதாகத் தெரியலாம். ஆனால் லைசென்ஸ் ரத்தாகக் காரணமாகலாம்.

ஒரு பாதுகாப்பும் உண்டு. 3-வது பிரிவை மீறியதாக ஒருவர் மீது நீதிமன்றத்தில் வழக்கு நடத்த, மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39-வது பிரிவு. அனுமதி இல்லாமல் நடந்த வழக்கு நிற்காது. வழக்கில் சிக்கியவரின் வழக்கறிஞர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய தாள் அது.

பிடிபட்ட வண்டி திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கலாம், உடனே இல்லை. வண்டி வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தின் கணக்கில் வந்துவிடும். விசாரணை முடியும் வரை இடைக்காலமாகத் திருப்பிக் கேட்டு உரிமையாளர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனு போடலாம். வண்டிகளை காவல் நிலைய வாசலில் ஆண்டுக்கணக்கில் துருப்பிடிக்க விடக் கூடாது என்று 2002-ல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் வழக்கு தண்டனையில் முடிந்தால், துப்பாக்கியோடு அதை ஏற்றிவந்த வாகனத்தையும் அரசுடைமையாக்க 32-வது பிரிவு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கடன் வாங்கி எடுத்த பைக்குக்கு இன்னும் தவணை பாக்கி இருக்கலாம். வண்டி போனாலும் தவணை போகாது.

வேட்டைக்குப் போனது என்று தெரிந்தால் கதை வேறு. அப்போது 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதன்படி குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான வாகனமும் ஆயுதமும் அரசின் சொத்தாகும் நிலை வரும். வனத்துறையினரும் வண்டியை நிறுத்திச் சோதிக்கலாம்.

"பன்றி தொல்லைக்குத்தானே எடுத்துட்டுப் போனேன்?"

மலையோர விவசாயிகள் கேட்கும் நியாயமான கேள்வி. மரவள்ளியும் மக்காச்சோளமும் ஒரே ராத்திரியில் நாசமாவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் காட்டுப்பன்றியை விவசாயியே சுட்டுக்கொள்ளத் தமிழ்நாட்டில் அனுமதி இல்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் சுடவே கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் மட்டுமே சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி கையில் இருந்தாலும் இந்த விதி மாறாது. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கத்தான், விலங்கைக் கொல்ல அது தனி அனுமதி ஆகாது.

லைசென்ஸ் இருக்கு... எப்படிக் கொண்டு போகணும்?

இப்போது லைசென்ஸ்தாரர்கள் பக்கம் வருவோம். கவனிக்க வேண்டியவை இவை:

1. அசல் லைசென்ஸ் கூடவே இருக்க வேண்டும். தேசிய தகவல்தளத்தில் ஏறி, தனி அடையாள எண் பெறாத பழைய லைசென்ஸ் செல்லாது. காலாவதி தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். மாவட்டத்துக்கு மட்டுமா, மாநிலம் முழுக்கவா, நாடு முழுக்கவா? கல்வராயன்மலையில் இது முக்கியம். வெள்ளிமலை கள்ளக்குறிச்சி மாவட்டம், கருமந்துறை சேலம் மாவட்டம். மலை ஒன்றுதான், ஆனால் பாதையில் மாவட்ட எல்லை இருக்கிறது. மாவட்டத்துக்கு மட்டும் செல்லும் லைசென்ஸோடு எல்லை தாண்டினால் அது மீறல்.

3. பொது இடத்தில் துப்பாக்கி வெளியே தெரியக் கூடாது. கைத்துப்பாக்கி என்றால் அதற்குரிய உறையில், நீளத் துப்பாக்கி என்றால் அதற்கான பையில், முழுதும் மூடியபடி இருக்க வேண்டும். கூடவே, கொண்டு செல்பவரின் முழுக் கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். காரின் டேஷ்போர்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவது கட்டுப்பாடு ஆகாது. குண்டை எடுத்துவிட்டுத் தனியாக வைப்பது எப்போதும் நல்லது. மலைப்பாதையில் வண்டி குலுங்கும், விசை யாரையும் கேட்டுவிட்டு அழுந்தாது.

4. திருவிழா, சாமி ஊர்வலம், பொதுக்கூட்டம், பள்ளி, கல்லூரி வளாகம் ஆகிய இடங்களுக்குச் சிறப்பு அனுமதி இல்லாமல் எடுத்துப் போகக் கூடாது. கல்யாணத்தில் சந்தோஷத்துக்கு வானத்தைப் பார்த்துச் சுடுவதும் 2019 முதல் தனிக் குற்றம். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படிச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

5. உங்கள் துப்பாக்கியை வேறொருவர் கொண்டுபோக வேண்டுமா? நீங்கள் கூடவே இருந்தாலோ, எழுத்தில் அதிகாரம் கொடுத்திருந்தாலோ, ரிப்பேருக்கோ, லைசென்ஸ் புதுப்பிக்கவோ, உங்கள் உபயோகத்துக்கோ அவர் எடுத்துச் செல்லலாம் என்று 3-வது பிரிவே விலக்கு தருகிறது. வாய்ச்சொல் போதாது, கடிதம் வேண்டும். ரிப்பேர் என்றால் லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடைக்குத்தான்.

6. தோட்டாவை மறக்காதீர்கள். 2024 ஜூன் தொடக்கத்தில் நடிகரும் முன்னாள் எம்.எல்.ஏ.வுமான கருணாஸின் பையில் 40 தோட்டாக்கள் இருப்பது சென்னை விமான நிலையச் சோதனையில் தெரியவந்தது. அவரிடம் லைசென்ஸ் இருந்தது. தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டதாகவும், தோட்டா பையில் இருந்ததைக் கவனிக்கவில்லை என்றும் அவர் விளக்கம் அளித்தார். ஆனாலும் அன்றைய விமானத்தில் அவரால் போக முடியவில்லை. லைசென்ஸ் உள்ளவருக்கே இப்படி என்றால், பையைக் காலி செய்து பார்க்காமல் கிளம்பும் மற்றவர்களுக்கு?

தேர்தல் நேரத்தில் என்ன மாற்றம்?

தேர்தல் அறிவித்ததும் நடத்தை விதிகள் அமலாகும். பறக்கும் படை, நிலையான கண்காணிப்புக் குழு என்று சாலையெங்கும் சோதனை நடக்கும். லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது யார் யாரிடம் என்பதை மாவட்ட அளவிலான குழு பரிசீலிக்கும். வங்கிக் காவலாளிகள் போன்றவர்களுக்கு விலக்கு கிடைப்பது வழக்கம். ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தால் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ரசீது திரும்பப் பெறும் வரை பத்திரம்.

வெளிநாட்டில் எப்படி?

துப்பாக்கி அதிகம் புழங்கும் அமெரிக்காவிலும் வண்டியில் கொண்டு போக நிபந்தனை உண்டு. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வேறொரு மாநிலம் வழியாகக் கடந்து போகிறவருக்கு 1986-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆனால் துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது, பயணிகள் உட்காரும் இடத்திலிருந்து எட்டும் தூரத்தில் துப்பாக்கியோ குண்டோ இருக்கக் கூடாது. டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். ஸ்டியரிங் பக்கத்துச் சிறு அறை அந்தக் கணக்கில் வராது. துப்பாக்கி யாருடையது என்பதோடு நிற்காமல், எப்படிக் கொண்டு போகிறார் என்பதைச் சட்டம் பார்க்கிறது. அது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான்.

"தாத்தா துப்பாக்கி" வீட்டில் இருந்தால் என்ன செய்வது?

கடைசிக் கேள்வி, ஆனால் மலைக் கிராமங்களில் பல குடும்பங்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்தது, அவர் இறந்துவிட்டார் என்றால், அந்த லைசென்ஸ் அவரோடு முடிந்தது. 21-வது பிரிவின்படி தேவையில்லாமல் தாமதிக்காமல் பக்கத்து காவல் நிலையத்திலோ, ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். வாரிசுக்கு வேண்டுமென்றால் தன் பெயரில் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்து, கிடைத்தபின் துப்பாக்கியைத் திரும்பப் பெறலாம். வேண்டாம் என்றால் முறைப்படி விற்கலாம்.

துரு ஏறி வேலை செய்யாத துப்பாக்கிக்கு 45-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் நிபந்தனை கறாரானது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. அதை நாமே முடிவு செய்துகொள்ள முடியாது. வழக்கு என்று வந்தால் நிபுணர் சோதித்துத்தான் சொல்ல வேண்டும்.

லைசென்ஸே இல்லாத துப்பாக்கி என்றால்? மலையோர மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது, தாமாக முன்வந்து ஒப்படைத்தால் நடவடிக்கை இருக்காது என்று அறிவிப்பதுண்டு. அந்த நேரத்தில் ஊர் முக்கியஸ்தர்கள் முன்னிலையில் கொடுத்துவிடுவது நல்லது. அறிவிப்பு இல்லாத காலத்தில் ஒரு வழக்கறிஞரிடமோ, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ ஆலோசனை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம்.

ஒரு விஷயம் மட்டும் வேண்டாம். ஒப்படைக்கத்தானே போகிறோம் என்று சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பாதி வழியில் சோதனையில் நிறுத்தினால், "ஸ்டேஷனுக்குத்தாங்க எடுத்துட்டுப் போறேன்" என்பதற்கு உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர எந்தச் சாட்சியும் இருக்காது. முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும், அல்லது எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லட்டும்.

சோதனையில் நிறுத்தினால்?

லைசென்ஸ் துப்பாக்கி வண்டியில் இருந்தால், அதிகாரி கேட்பதற்கு முன்பே "வண்டியில் லைசென்ஸ் துப்பாக்கி இருக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். நீங்களாகப் பைக்குள் கையை விடாதீர்கள். பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்ற பட்டியலின் நகலைக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-வது பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி பிடிபட்டு, உங்களுக்கு உண்மையிலேயே எதுவும் தெரியாது என்றால், ஓடாதீர்கள். ஓடினால் "தெரியாது" என்ற சொல்லின் பலம் அங்கேயே போய்விடும். பையைக் கொடுத்தது யார், எங்கே ஏற்றினீர்கள், எங்கே இறக்கிவிடச் சொன்னார் என்பதை வழக்கறிஞரிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். 35-வது பிரிவில் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த விவரங்கள்தான்.

அதைவிட எளிது, வண்டியை எடுக்கும் முன் கேட்கும் ஒரு கேள்வி: "பையில என்ன மச்சான்?" பதில் சரியாக வரவில்லையென்றால், பையும் வேண்டாம், லிஃப்டும் வேண்டாம்.